உடலைத் திறக்காமல் உள்ளே பார்க்கும் கணக்கு!

காளஹஸ்திக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே உள்ள சிறிய ரெயில் நிலையம் ஏர்பேடு. திருப்பதியில் இருந்து சுமார் 20 கிலோ மீட்டர் தூரம். கூடூர் மார்க்கத்தில் போய் வரும் நம்மவர்கள் பலர் இந்தப் பெயர்ப் பலகையை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். இறங்கியிருக்க மாட்டார்கள். மலையாள சுவாமிகளின் வியாசாசிரமம் உள்ள ஊர் என்பதுதான் நெடுங்காலமாக இதற்கு இருந்த பெருமை.

இப்போது இன்னொரு பெருமையும் சேர்ந்திருக்கிறது. 2015-ம் ஆண்டில் ஐ.ஐ.டி.யும், ஐசர் என்று அழைக்கப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் திருப்பதிக்கு வந்தன. முதலில் தற்காலிகக் கட்டிடங்களில் நடந்த இந்த இரண்டும் பின்னர் ஏர்பேடு பகுதியில் சொந்த வளாகம் கண்டன. ஐ.ஐ.டி.யின் ஆரம்ப காலத்தில் அதை வழிநடத்தியது சென்னை ஐ.ஐ.டி. ஆகும். சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஏர்பேடு, 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது.

"அங்கே என்ன ஆராய்ச்சி நடக்கிறது?" என்று கேட்டால், பாலம், மோட்டார், ரசாயனம் என்று எதையாவது சொல்லிவிடுவார்கள். கணிதத் துறையும் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. "கணக்கில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? கூட்டலும் கழித்தலும் எப்போதோ முடிந்துபோன சமாசாரம்தானே?" என்பது அவர்கள் கேள்வி.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில், நம்மில் பலருடைய வீட்டுப் பரணில் பெரிய உறைக்குள் கிடக்கிறது. அது சி.டி. ஸ்கேன் படம்!

வேலூர் போகும் உறைகள்

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்காகக் காட்பாடிக்கு டிக்கெட் கேட்டு வரும் கூட்டம் இந்த மார்க்கத்தில் என்றும் குறையாது. வங்காளம், ஜார்க்கண்ட், ஒடிசாவில் இருந்தெல்லாம் வருகிறார்கள். கையில் துணிமணிப் பை இருக்கிறதோ இல்லையோ, பெரிய காகித உறை ஒன்று இருக்கும். அதை மடங்காமல் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். குவாரியில் கல் உடைத்து நெஞ்சுச் சளியோடு வருகிறவர், தலைவலி என்று வந்து மூளையில் கட்டி என்று கேள்விப்பட்டவர், எல்லோருக்கும் அந்த உறைதான் தலையெழுத்து.

சாதாரண எக்ஸ்ரே படம் என்பது நிழல். விளக்குக்கு முன்னால் கையை நீட்டினால் சுவரில் விழுகிற நிழலைப் போன்றது. முன்னால் இருக்கும் விலா எலும்பு, நடுவில் இருக்கும் நுரையீரல், பின்னால் இருக்கும் முதுகெலும்பு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துவிடும். எது முன்னே, எது பின்னே என்று தெரியாது.

சி.டி. ஸ்கேன் அப்படி அல்ல. ஒரு வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கிப் பார்ப்பதுபோல, உடலின் உள்ளே ஒவ்வொரு வில்லையையும் தனித்தனியாகக் காட்டுகிறது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. எந்திரம் எடுப்பதும் வெறும் நிழல்களைத்தான். நிழல்களில் இருந்து வில்லையைச் செய்து கொடுப்பது கணக்கு!

பேரேட்டுப் புதிர்

இந்தக் கணக்கு எப்படி என்பதை நம் குமாஸ்தா நண்பர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.

நான்கு கட்டங்கள் உள்ள ஒரு சிறிய பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசையில் இரண்டு, கீழ் வரிசையில் இரண்டு. கட்டங்களில் இருந்த எண்கள் அழிந்துவிட்டன. ஓரத்தில் எழுதிய கூட்டுத்தொகைகள் மட்டும் தெரிகின்றன. மேல் வரிசை மொத்தம் 7. கீழ் வரிசை மொத்தம் 13. இடப்பத்தி மொத்தம் 9. வலப்பத்தி மொத்தம் 11. அழிந்த எண்கள் என்ன?

மேலே 3, 4. கீழே 6, 7 என்று போட்டால் சரியாக வருகிறது. ஆனால் மேலே 2, 5. கீழே 7, 6 என்று போட்டாலும் சரியாகத்தான் வருகிறது! ஆகவே இந்த நான்கு தொகைகள் போதாது.

இப்போது குறுக்காகவும் ஒரு தொகை கிடைக்கிறது என்று வையுங்கள். மேல் வலது, கீழ் இடது இரண்டும் சேர்ந்து 10. உடனே முடிச்சு அவிழ்ந்துவிடும். 7-ஐயும் 9-ஐயும் கூட்டி, 10-ஐக் கழித்து, பாதியாக்கினால் 3. அதுதான் மேல் இடது கட்டம். மற்றவை தானாக வந்துவிடும்: 4, 6, 7.

ஸ்கேன் எந்திரம் செய்வது இதைத்தான். உடலைச் சுற்றிச் சுற்றி வந்து, நேராக, குறுக்காக, சாய்வாக எல்லாக் கோணங்களிலும் தொகை எடுக்கிறது. இங்கிலாந்தில் கிராமபோன் ரிக்கார்டுகளுக்குப் பேர்போன இ.எம்.ஐ. கம்பெனியின் இன்ஜினீயர் காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு செய்த முதல் எந்திரம், ஒரு வில்லைக்கு 180 கோணங்களில், கோணத்துக்கு 160 வீதம், 28 ஆயிரத்து 800 தொகைகள் எடுத்தது. 1971 அக்டோபர் 1-ந்தேதி லண்டனில் ஆட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில் முதல் நோயாளிக்கு அந்த எந்திரத்தால் படம் எடுத்தார்கள்.

லாகரிதம் புத்தகம் எதற்கு?

ஒரு சந்தேகம் எழலாம். எக்ஸ்ரே எப்படித் தொகை போடும்?

இங்கேதான் டிபரன்ஷியல் ஈக்குவேஷன் எனப்படும் வகைக்கெழுச் சமன்பாடு வருகிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு பொருள் இந்தக் கணத்தில், இந்த இடத்தில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்லும் விதிக்குத்தான் அந்தப் பெயர். விதியைத் தெரிந்துகொண்டு, மொத்தப் பயணத்தின் முடிவைக் கண்டுபிடிப்பதே கணக்கு.

எக்ஸ்ரேயின் விதி மிக எளியது. போகிற வழியில் ஒவ்வொரு நூலிழைத் தடிமனிலும், கையில் மீதி இருப்பதில் ஒரு குறிப்பிட்ட பங்கை இழக்கும். கையில் நிறைய இருந்தால் நிறைய இழக்கும். குறைவாக இருந்தால் குறைவாக இழக்கும். சுமார் மூன்றரை சென்டி மீட்டர் தண்ணீரைக் கடந்தால் பாதியாகிவிடும். அடுத்த மூன்றரையில் அந்தப் பாதியில் பாதி. எலும்பு என்றால் இழப்பு மிக அதிகம்.

இப்படிப் பெருக்கலாகக் குறைந்து வருவதைக் கூட்டலாக மாற்றுவதற்கு ஒரு கருவி உண்டு. அதுதான் பள்ளிக்கூடத்தில் நாம் புரட்டிய லாகரிதம்! வெளியே வந்த எக்ஸ்ரேயின் அளவுக்கு லாகரிதம் எடுத்தால், வழியில் இருந்த கட்டங்களின் கூட்டுத்தொகை கிடைத்துவிடுகிறது. பிறகு பேரேட்டுப் புதிர்தான்.

எல்லாத் திசைகளிலும் தொகை தெரிந்தால் உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 1917-லேயே நிரூபித்தவர் ஆஸ்திரியக் கணித அறிஞர் யோகான் ரேடான். அப்போது ஸ்கேனும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. சுமார் 50 ஆண்டுகள் அந்தக் கட்டுரை மருத்துவர்கள் கண்ணில் படாமலே கிடந்தது.

ராம் - லாக்

ரேடானின் சூத்திரம் சரியானது. ஆனால் நடைமுறைக்குக் கடினமானது. ஹவுன்ஸ்பீல்டின் எந்திரமோ ஆயிரக்கணக்கான சமன்பாடுகளைத் திரும்பத் திரும்பத் திருத்திப் போட்டுக்கொண்டிருந்தது. குறுக்கு வழி ஒன்று தேவைப்பட்டது.

அந்த வழியைச் சொன்ன கட்டுரை 1971 செப்டம்பரில் அமெரிக்க தேசிய விஞ்ஞான அகாடமியின் இதழில் வெளிவந்தது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் பேராசிரியர் ஜி.என்.ராமச்சந்திரன். மற்றவர் அவருடன் பணியாற்றிய ஏ.வி.லட்சுமிநாராயணன்.

ராமச்சந்திரனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1922-ல் எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை கணிதப் பேராசிரியர். 30 வயதில் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறைக்குத் தலைமை ஏற்றார். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று புரி கயிறுபோல முறுக்கிய வடிவம் கொண்டது என்று கிண்டி வளாகத்தில் இருந்தபடி உலகத்துக்குச் சொன்னவர். பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.

இருவரும் சொன்ன வழி என்ன? ஒவ்வொரு நிழலையும் வந்த வழியிலேயே திருப்பித் தடவினால் படம் ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் புகைமூட்டமாக இருக்கும். ஆகவே தடவுவதற்கு முன்பே, ஒவ்வொரு தொகையிலும் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். தன் மதிப்பில் 0.25 பங்கை வரவு வைத்து, இருபுறமும் உள்ள அண்டைத் தொகைகளில் இருந்து ஏறக்குறைய 0.101 பங்கைப் பற்று எழுத வேண்டும். அதற்கு அடுத்ததை விட்டுவிட வேண்டும். மூன்றாவதில் சுமார் 0.011 பங்கு பற்று. இப்படி ஒன்று விட்டு ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். வரவையும் பற்றையும் கடைசிவரை கூட்டினால் மீதி பூஜ்யம்! கணக்குப் புத்தகம் டாலி ஆகிறது, புகைமூட்டம் விலகுகிறது.

வானொலி அலைகளால் வானத்தை ஆராய்ந்த பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967-ல் இதே போன்ற வழியைத் தங்கள் துறையில் கண்டிருந்தார்கள். எக்ஸ்ரே படங்களுக்கு அது பயன்படும் என்று தெளிவாகச் செய்து காட்டியது 1971 கட்டுரை. பின்னர் வந்த சி.டி. எந்திரங்களில் நெடுங்காலம் ஆட்சி செய்தது இந்த வகை முறைதான். இன்றும் உலகெங்கும் ஸ்கேன் கணக்கு படிக்கும் மாணவர்கள் இந்தத் திருத்தப் பட்டியலை "ராம் - லாக்" என்றே அழைக்கிறார்கள். ராமச்சந்திரனின் ராம், லட்சுமிநாராயணனின் லாக்!

சி.டி. ஸ்கேனுக்கான நோபல் பரிசு 1979-ல் ஹவுன்ஸ்பீல்டுக்கும், தென் ஆப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மாக்குக்கும் போயிற்று. அவர்கள் தகுதி பற்றி இரண்டு கருத்து இல்லை. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ராம் - லாக் கதை தெரிந்திருக்க வேண்டாமா?

இரைச்சல் என்னும் எதிரி

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரு தலைவலி தீரவில்லை. அதற்குப் பெயர் இரைச்சல்.

நம் பேரேட்டுப் புதிருக்கே திரும்புவோம். குறுக்குத் தொகை 10 என்பதை 11 என்று தவறாக எழுதிவிட்டார்கள் என்று வையுங்கள். விடை என்ன ஆகும்? 3, 4, 6, 7 என்பது 2.5, 4.5, 6.5, 6.5 என்று மாறிவிடும். பிழை ஒரே இடத்தில். கெட்டது நான்கு கட்டமும்! ஆயிரக்கணக்கான தொகைகளில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் பிசகினால் படம் முழுவதும் மணல் தூவியதுபோல ஆகிவிடும்.

தொகைகள் ஏன் பிசகுகின்றன? எந்திரத்தின் குற்றம் மட்டும் அல்ல. எக்ஸ்ரே என்பது துளித்துளியாக வருவது. ஒரு கேட் வழியாக நிமிடத்துக்கு எத்தனை பயணிகள் போகிறார்கள் என்று எண்ணினால் ஒவ்வொரு நிமிடமும் ஒரே எண் வருமா? வராது. அதுபோலத்தான். சராசரியாக 10 ஆயிரம் துளிகள் வரும் இடத்தில் 100 கூடலாம், குறையலாம். அது 100-க்கு 1 பங்கு. ஆனால் 100 துளிகள்தான் வருகின்றன என்றால், 10 கூடலாம், குறையலாம். அது 100-க்கு 10 பங்கு!

அப்படியானால் எக்ஸ்ரேயை அதிகமாகப் பாய்ச்சினால் என்ன? பாய்ச்சலாம். படம் தெளிவாக இருக்கும். ஆனால் அந்தக் கதிர் உடம்புக்கு ஆகாதது. மார்புக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேனில் சாதாரண எக்ஸ்ரேயைப் போலப் பல பத்து மடங்கு கதிர் உடலில் பாய்கிறது. குழந்தைகளுக்கு இதில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கதிரை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் இரைச்சல் இரண்டு மடங்காகிறது. உடம்பைக் காப்பாற்றினால் படம் கெடுகிறது. படத்தைக் காப்பாற்றினால் உடம்பு கெடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்து வைப்பதுதான் இன்றைய கணித ஆராய்ச்சியின் வேலை.

காதங்கியில் ஒரு பாடம்

இரைச்சலோடு மல்லுக்கட்டும் வேலையை இதே திருப்பதி மாவட்டத்தில் இன்னொரு இடத்திலும் பார்க்கலாம். அது காதங்கி கிராமத்தில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம். 1990-களின் தொடக்கத்தில் இருந்து அங்கே ஒரு பெரிய ரேடார் வானத்தை நோக்கி வேலை செய்கிறது. 1,024 ஏரியல்களை வரிசையாக நட்டு அமைத்தது அது.

மேலே காற்றில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலி மிக மிகச் சன்னமானது. இரைச்சலில் மூழ்கிக் கிடப்பது. அதற்கு வழி, திரும்பத் திரும்பக் கேட்டுக் கூட்டுவது. 64 எதிரொலிகளைக் கூட்டினால் உண்மையான சைகை 64 மடங்காகும். இரைச்சலோ ஒரு முறை கூடியும் ஒரு முறை குறைந்தும் தன்னைத்தானே தின்றுகொண்டு 8 மடங்குதான் ஆகும். சத்தியம் நிலைக்கும் என்பதற்குக் கணக்கு ரீதியான சாட்சி!

ஆனால் நோயாளியை 64 முறை ஸ்கேன் எடுக்க முடியாதே! வேறு வழி வேண்டும்.

வரப்பு கட்டும் சமன்பாடு

படத்தில் ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு சராசரி செய்தால் மணல் மணலாகத் தெரிவது மறையும். இது வெப்பம் பரவுவதற்கு பிரெஞ்சு அறிஞர் பூரியே 1822-ல் நூலாக வெளியிட்ட அதே வகைக்கெழுச் சமன்பாடுதான். சூடான இடத்தில் இருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் பரவி எல்லாம் சமமாவதுபோல, வெளிச்சமும் பரவிச் சமமாகிறது. ஆனால் அதோடு எலும்பின் ஓரமும் கட்டியின் ஓரமும் கரைந்துபோகின்றன. டாக்டருக்கு வேண்டியதே அந்த ஓரம்தான்!

இதற்கு 1990-ல் வழி சொன்னவர்கள் பியேட்ரோ பெரோனா, ஜிதேந்திர மாலிக். மாலிக், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த நம் நாட்டவர். இவர்கள் யோசனையை நம் கழனியை வைத்துச் சொல்லலாம். பாய்ச்சிய தண்ணீர் வயலுக்குள் பரவி மட்டமாகிறது. ஆனால் வரப்பைத் தாண்டுவதில்லை. அதுபோல, அண்டைப் புள்ளிகளுக்குள் வித்தியாசம் சிறியதாக இருந்தால் பரவ விடு. வித்தியாசம் பெரியதாக இருந்தால் அங்கே ஓரம் இருக்கிறது என்று எண்ணிப் பரவலை நிறுத்து. அதாவது, வரப்பைத் தானே கட்டிக்கொள்ளும் சமன்பாடு! 1992-ல் ருடின், ஓஷர், பதேமி என்ற மூவர் இதே நோக்கத்துக்கு இன்னொரு வழி கண்டார்கள். அதற்குப் பின் வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஏராளம்.

பொன்னேரித் தலைமை ஆசிரியர் மகன்

இரைச்சலை எதிரியாக மட்டும் பார்க்காமல், அதையே சமன்பாட்டுக்குள் உட்கார வைத்தவர்களும் உண்டு. தண்ணீரில் மிதக்கும் தூசி ஓயாமல் தள்ளாடுவதை 1827-ல் பிரவுன் கவனித்தார். 1905-ல் ஐன்ஸ்டீன் காரணம் சொன்னார். இப்படித் தள்ளாடும் பொருளுக்கு வகைக்கெழுக் கணக்கு வகுத்தவர் ஜப்பானியரான கியோசி இட்டோ. அவர் 1942-ல் இதை எழுதியபோது பேராசிரியர் அல்ல. அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்!

இந்தத் துறையை மேலும் உயர்த்தியவர் சென்னையில் 1940-ல் பிறந்த எஸ்.ஆர்.சீனிவாச வரதன். இவருடைய தந்தை பொன்னேரி போர்டு உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கல்கத்தாவில் டாக்டர் பட்டம் பெற்று, 1963-ல் நியூயார்க் போனார். கணிதத்துக்கு நோபல் போன்றது எனப்படும் ஏபெல் பரிசு 2007-ல் இவருக்குக் கிடைத்தது.

இட்டோ, வரதன் போன்றோர் வளர்த்த இந்தக் கணிதத்தின் மொழியில்தான் இன்று படம் வரையும் கம்ப்யூட்டர்கள் பேசுகின்றன. நல்ல படத்தின்மேல் சிறுகச் சிறுக இரைச்சலைத் தூவி மறைத்து, பிறகு அதே வழியில் பின்னோக்கித் திரும்பி வர எந்திரத்தைப் பழக்குகிறார்கள். 2020-க்குப் பிறகு இது வெகு வேகமாக வளர்ந்திருக்கிறது. மங்கிய ஸ்கேன் படங்களைத் தெளிவாக்கவும் இதைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள்.

அழகான படம் உண்மையான படமா?

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. சுத்தமான படம் எல்லாம் சரியான படம் ஆகிவிடாது. இரைச்சல் என்று நினைத்து ஒரு சிறு புள்ளியைத் துடைத்துவிட்டால்? அந்தப் புள்ளியே நோயின் முதல் அறிகுறியாக இருந்தால்? அல்லது இல்லாத புள்ளியை எந்திரமே வரைந்துவிட்டால்?

இது வீண் பயம் அல்ல. 1971-ல் ராம் - லாக் கட்டுரை வந்த அதே அமெரிக்க இதழில், 2020-ல் ஒரு கட்டுரை வந்தது. பழக்கிய எந்திரங்களைச் சோதித்துப் பார்த்ததில், மூலத் தொகைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றம் செய்தாலே சில எந்திரங்கள் பொய்யான உருவங்களைக் காட்டின. கட்டி போன்ற சிறிய மாற்றங்கள் சிலவற்றில் மறைந்தும் போயின.

எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் நம்பக்கூடாது, பிழை எவ்வளவு வரை போகலாம் என்று நிரூபித்துச் சொல்லக் கணிதம் தெரிந்தவர்கள்தான் வேண்டும். கூட்டலும் கழித்தலும் முடிந்துபோன சமாசாரம் என்று நினைப்பவர்களுக்கு இதுவே பதில். வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவு ஆகியவை ஏர்பேடு போன்ற இடங்களில் பாடமாக இருப்பதும், பெங்களூர் எலகங்காவில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் பயன்பாட்டுக் கணிதத்துக்கென்றே தனி மையம் வைத்திருப்பதும் வீண் செலவு அல்ல.

பிள்ளைகளுக்கும் நமக்கும்

நம் குடும்பங்களில் கணக்கில் நல்ல மார்க் வாங்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். இன்ஜினீயரிங் இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று எண்ண வேண்டாம். பிளஸ் 2 முடித்தவர்கள் ஐசர் நிறுவனங்களுக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். பட்டம் பெற்றவர்கள் "ஜாம்" தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கலாம். இந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதிக்குத் தேவை காகிதம், பேனா, கம்ப்யூட்டர், பொறுமை. கோடி ரூபாய் எந்திரம் தேவையில்லை.

ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்பு எடுத்த ஸ்கேன்கள் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள். அநாவசியமாக இரண்டாம் முறை கதிர் பாய்வதைத் தவிர்க்கலாம். தேவை என்று டாக்டர் சொன்னால் பயந்து ஒதுங்கவும் வேண்டாம். பழைய படத்தையும், சி.டி. தட்டு இருந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள். ஒரே படத்தில் சந்தேகமாகத் தெரியும் ஒரு புள்ளி, ஆறு மாதத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிடும்போது இரைச்சலா, நோயா என்று தெரிந்துவிடக்கூடும். பரணில் கிடக்கும் அந்த உறையைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!